பார்ம்.டி மாணவர் குடும்ப மருத்துவரின் கிளினிக்கில் என்ன கற்பார்?

கேள்வி: 2 ஜூன் 2025

பார்ம்.டி என்ற ஆறு ஆண்டு மருந்தாளுநர் படிப்பில் ஐந்தாம் ஆண்டு படிக்கிறேன். எங்கள் கல்லூரியில் இந்த ஆண்டு சிலரை மட்டும் மருத்துவமனை வார்டுக்குப் பதிலாக இரண்டு வாரம் ஒரு குடும்ப மருத்துவரின் கிளினிக்குக்கு அனுப்பப் போகிறார்களாம். அந்தப் பட்டியலில் என் பெயரும் இருக்கிறது. சளி, காய்ச்சல், வயிற்றுவலி தவிர அங்கே என்ன வரும்? ஐ.சி.யூ. ரவுண்ட்ஸ் போகும் தோழிகள் என்னைப் பார்த்துப் பரிதாபப்படுகிறார்கள். பெயரை மாற்றித் தரச் சொல்லிக் கேட்கலாமா?

பதில்: 2 ஜூன், இரவு

மாற்றாதீர்கள். போங்கள்.

வார்டில் நீங்கள் பார்ப்பது டாக்டர் எழுதிய மருந்து. கிளினிக்கில் பார்க்கப்போவது நோயாளி விழுங்கிய மருந்து. இரண்டும் ஒன்றாக இருப்பது அபூர்வம். மீதியை நாளை எழுதுகிறேன்.

3 ஜூன், காலை

நான் மருந்தாளுநர். சில ஆண்டுகளாக ஈரோடு மாவட்டத்தில் ஒரு சிற்றூரில் குடும்ப மருத்துவர் ஒருவரின் கிளினிக்குக்குப் பார்ம்.டி மாணவர்களை அழைத்துப் போகிறேன். ஆகவே இதில் எனக்குச் சாய்வு உண்டு.

சளியும் காய்ச்சலும் வரத்தான் செய்யும். ஆனால் நாற்பது வயதைத் தாண்டியவர்கள் பலரும் கையில் ஒரு பையோடு வருகிறார்கள். ஜவுளிக்கடைப் பை, மஞ்சப்பை, பிஸ்கட் டப்பா என்று ஏதாவது ஒன்று. அதற்குள் அந்த வீட்டின் மருந்து வரலாறே இருக்கும்.

ஒரு முறை எழுபதை நெருங்கும் ஒரு பாட்டி வந்தார். முழங்கால் வலிக்கு ஊசி போட்டுக்கொள்ள வந்தவர். என்னுடன் இருந்த மாணவி பையை வாங்கி மேசையில் கவிழ்த்தாள். மூன்று வகை மாத்திரை. ஒன்று 'விற்பனைக்கு அல்ல' என்று அச்சிட்ட அரசு மருந்து, சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின். மற்ற இரண்டும் கத்தரிக்கோலால் நான்கு நான்காக வெட்டிக் கொடுத்த அட்டைத் துண்டுகள். ஒன்றில் பெயரின் பின்பாதி மட்டும் மிஞ்சியிருந்தது. இன்னொன்றில் காலாவதித் தேதி இருந்தது, பெயர் இல்லை.

"பாட்டி, இதில் எதை எப்போது போடுகிறீர்கள்?"

"வெள்ளை, சாப்பிட்ட பிறகு. இந்த இரண்டும் சாப்பாட்டுக்கு முன்னால், கண்ணு. ஒன்று இந்த டாக்டர் கொடுத்தது, ஒன்று ஈரோட்டு டாக்டர் கொடுத்தது. இரண்டு பேரும் நல்ல டாக்டர்கள். யாருடைய மாத்திரையை நான் விடுவது?"

மாணவி மருந்துக்கடைக்கு ஓடிப்போய் முழு அட்டைகளை வாங்கி வந்து துண்டுகளின் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். இரண்டும், சர்க்கரையைக் குறைக்கும் கிளிமெபிரைடும் மெட்ஃபார்மினும் சேர்ந்த ஒரே கூட்டு மாத்திரை, இரண்டு கம்பெனி, இரண்டு நிறம். ஆக, பாட்டி கிளிமெபிரைடை இரட்டிப்பாகவும் மெட்ஃபார்மினை மூன்று வழியிலும் எடுத்துக்கொண்டிருந்தார். பதினொரு மணி வாக்கில் காட்டில் வேலை செய்யும்போது படபடப்பு வரும், வேர்த்துக் கொட்டும், கொஞ்சம் வெல்லம் வாயில் போட்டால் சரியாகிவிடும் என்றார். அது சர்க்கரை அளவுக்கு மீறி இறங்குவதன் அறிகுறி. வீட்டில் எல்லோரும் அதை பிரஷர் என்று நினைத்திருக்கிறார்கள்.

இதில் என்னை உலுக்கியது அவருடைய ரத்தப் பரிசோதனைச் சீட்டுதான். மூன்று மாதச் சராசரி அருமையாக இருந்தது. 'சர்க்கரை நல்ல கட்டுப்பாட்டில் இருக்கிறது' என்று எந்த டாக்டரும் அந்தக் காகிதத்தைப் பார்த்துப் பாராட்டுவார். அளவுக்கு மீறிய மருந்தில் கிடைத்த கட்டுப்பாடு அது. அந்தக் காகிதத்தை மட்டும் வைத்துக்கொண்டு இதைக் கண்டுபிடிக்கவே முடியாது. பையைக் கவிழ்த்தவளால் கண்டுபிடிக்க முடிந்தது.

3 ஜூன், மதியம்

கிளினிக்கில் மருந்து கொடுப்பதே சட்டவிரோதம், அங்கே மாணவரை எப்படி நிறுத்துவது என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அப்படியல்ல. பதிவு பெற்ற மருத்துவர் தன் சொந்த நோயாளிகளுக்கு மருந்து கொடுக்கலாம். கடை திறந்து பொதுமக்களுக்கு விற்கக்கூடாது, அவ்வளவுதான். 1945ஆம் ஆண்டு மருந்து விதிகளின் 'கே' அட்டவணை அந்த விலக்கைத் தருகிறது. 1948ஆம் ஆண்டு மருந்தாளுநர் சட்டத்தின் 42ஆம் பிரிவும், சீட்டுக்கு மருந்து கொடுப்பதை மருந்தாளுநருக்கு மட்டும் என்று வைத்துவிட்டு, சொந்த நோயாளிக்குக் கொடுக்கும் மருத்துவரை விலக்குகிறது.

மாணவர் இன்னும் பதிவு பெறாதவர். ஆகவே எங்கள் மாணவர்கள் மாத்திரை எண்ணிக் கொடுப்பதில்லை. கேட்பார்கள், எழுதுவார்கள், டாக்டரிடம் சொல்வார்கள். என்னைக் கேட்டால் கற்பதற்கு அதுதான் நல்லது. எண்ணிக் கொடுக்கும் வேலையில் மாட்டிக்கொண்டால் கேட்க நேரம் இருக்காது.

5 ஜூன்

'பாடத்திட்டத்திலேயே இல்லாத ஒன்றுக்கு ஏன் இவ்வளவு ஆர்ப்பாட்டம்' என்ற கேள்விக்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்ல வேண்டும்.

பார்ம்.டி இந்தியாவுக்கு 2008ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள் மூலம் வந்தது. ஐந்து ஆண்டு படிப்பு, ஆறாம் ஆண்டு முழுவதும் பயிற்சி. அந்தப் பன்னிரண்டு மாதத்தில் ஆறு மாதம் பொது மருத்துவப் பிரிவு. மீதி ஆறு மாதம், மூன்று சிறப்புப் பிரிவுகளில் இரண்டிரண்டு மாதம். கல்லூரிக்கு 300 படுக்கை மருத்துவமனை ஒன்றின் தொடர்பு வேண்டும். அறுவை, குழந்தைகள் நலம், மகப்பேறு, மனநலம், தோல், எலும்பு என்று பிரிவுகளின் பட்டியல் போகும். குடும்ப மருத்துவம் அதில் இல்லை. ஆரம்ப சுகாதார நிலையமும் இல்லை. படுக்கை எண்ணிக்கையை வைத்து யோசித்தவர்கள், படுக்கையே இல்லாத இடத்தை எப்படி யோசிப்பார்கள்?

பார்ம்.டி என்ற பட்டத்தை நாம் எடுத்துக்கொண்டது அமெரிக்காவைப் பார்த்து. அங்கே கல்லூரிகளுக்கான தரநிலைகளின்படி கடைசிக் கட்டப் பயிற்சி குறைந்தது 36 வாரம், அதாவது 1,440 மணி நேரம். எல்லா மாணவரும் கட்டாயம் போக வேண்டிய இடங்கள் நான்கு. மருந்துக்கடை, மருத்துவமனை மருந்தகம், உள்நோயாளிப் பொது மருத்துவம், அப்புறம் புறநோயாளிக் கிளினிக். அந்த நான்காவதைத்தான் நாம் விட்டுவிட்டோம். மருந்துக்கடையையும் ஏறக்குறைய விட்டுவிட்டோம்.

இங்கிலாந்தில் 2015இல் குடும்ப மருத்துவர்களின் கிளினிக்குகளில் மருந்தாளுநர்களை அமர்த்தும் முன்னோட்டத் திட்டம் தொடங்கியது. 2019க்குப் பிறகு அதற்கு நிலையான நிதி வந்தது. 2026 முதல் அங்கே புதிதாகப் பதிவு பெறும் மருந்தாளுநர் மருந்து எழுதவும் தகுதி பெறுவார். அந்தத் தகுதிக்கான பயிற்சியை, அனுபவமுள்ள ஒருவரின் மேற்பார்வையில், மருந்து எழுதப்படும் இடத்திலேயே பெற வேண்டும் என்பதால் கிளினிக்குகளுக்கு மாணவர் தேவைப்படுவதைவிட மாணவருக்குக் கிளினிக்குகள் அதிகம் தேவைப்படுகின்றன.

அங்கே நடப்பதை அப்படியே இங்கே கொண்டுவர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அங்கே ஒரு நோயாளிக்கு ஒரு கிளினிக், ஒரு பதிவேடு. இங்கே ஒரு பாட்டிக்கு மூன்று டாக்டர், ஒரு மருந்துக்கடை, ஒரு நாட்டு வைத்தியர், பக்கத்து வீட்டு அக்கா. பையைத் திறந்து பார்க்க ஆள் வேண்டிய அவசியம் நமக்குத்தான் கூடுதல்.

6 ஜூன்

முதல் நாள் 'போங்கள்' என்று எழுதினேன். அதில் மாற்றமில்லை. ஆனால் 'இரண்டு வாரம்' என்பதைப் பற்றி இரண்டு நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். அந்த ஏற்பாடு எனக்குப் பிடிக்கவில்லை.

பாட்டியின் கதையின் அடுத்த பகுதியைச் சொன்னால் காரணம் விளங்கும். அன்று டாக்டர் ஒரு கூட்டு மாத்திரையை நிறுத்தினார். சீட்டில் பெரிய எழுத்தில் எழுதினார். மாணவி பாட்டிக்கும் உடன் வந்த பேத்திக்கும் விளக்கினாள். எல்லாம் முறையாக நடந்தது. அடுத்த மாதம் பாட்டி மறுபடி வந்தார். பையில் நிறுத்திய மாத்திரை மீண்டும் இருந்தது! மகன் டவுனுக்குப் போனபோது பர்ஸில் இருந்த பழைய சீட்டைக் காட்டி மொத்தமாக வாங்கி வந்திருக்கிறார். அம்மாவுக்கு மருந்து தீர்ந்துவிடக்கூடாதே என்ற அக்கறை.

இரண்டு வாரத்தில் முடிந்து போகும் மாணவி 'தவறைக் கண்டுபிடித்தேன், சரிசெய்தேன்' என்று எழுதிக் கொடுத்துவிட்டு மதிப்பெண் வாங்கியிருப்பாள். தான் சொன்னது வீட்டுக்குப் போய் என்ன ஆனது என்று அவளுக்குத் தெரிந்தே இருக்காது. சர்க்கரை, ரத்த அழுத்தம், தைராய்டு எல்லாம் மாதக் கணக்கில் ஓடும் நோய்கள். அவற்றைக் கற்பவரும் மாதக் கணக்கில் இருந்தாக வேண்டும்.

எங்கள் ஏற்பாடு, வாரத்துக்கு ஒரு நாள், ஆறு மாதம். நாள் கணக்கில் பார்த்தால் ஏறக்குறைய நான்கைந்து வாரப் பயிற்சிதான். ஆனால் அதே முகங்கள் திரும்பி வரும். பாட்டியின் மகனுக்கு மாணவியே போன் செய்து பழைய சீட்டைக் கிழிக்கச் சொன்னாள். அந்த ஒரு போன் அழைப்புக்காகத்தான் ஆறு மாதம் என்கிறேன்.

8 ஜூன், இரவு

ஒரு மருத்துவர் எழுதியிருக்கிறார்: 'மாலையில் எண்பது பேர் வருகிறார்கள். எனக்குச் சாப்பிடவே நேரமில்லை. மாணவருக்கு எங்கே நாற்காலி போடுவது, எப்போது சொல்லிக் கொடுப்பது?'

நியாயமான கேள்வி. இதற்குப் பதில் சொல்லாமல் பாடத்திட்டத்தை மட்டும் திட்டிப் பயனில்லை.

நாற்காலியை உங்கள் அறைக்குள் போடாதீர்கள், டாக்டர். காத்திருக்கும் இடத்தில், எடை பார்க்கும் மெஷின் பக்கத்தில் போடுங்கள். நோயாளி எப்படியும் அங்கே முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருக்கப் போகிறார். அந்த நேரம் மாணவருடையது. பை கொண்டு வந்தவரிடம் போய் உட்கார்ந்து, ஒவ்வொரு மருந்தையும் கையில் எடுத்து, எதற்கு, எப்போது, எத்தனை, கடைசியாக எப்போது போட்டீர்கள் என்று கேட்கட்டும். கடைசிக் கேள்விதான் முக்கியம். 'தினமும் போடுகிறீர்களா?' என்று கேட்டால் எல்லோரும் ஆமாம் என்பார்கள். 'கடைசி மாத்திரை எப்போது போட்டீர்கள்?' என்று கேட்டால் யோசிப்பார்கள். 'தீபாவளிக்கு' என்று ஒருவர் பதில் சொன்னார். அப்போது பங்குனி.

பிறகு உள்ளங்கை அளவு துண்டுத்தாளில் இரண்டு வரி எழுதிச் சீட்டோடு இணைத்து உள்ளே அனுப்பட்டும். இரண்டே வரி. நான் இதில் கறார். 'அம்லோடிபின் தொடங்கிய பிறகு கால் வீக்கம். வீக்கத்துக்கு வேறொருவர் ஃபுரோஸமைடு எழுதியிருக்கிறார்.' இவ்வளவுதான். (முன்னது பிரஷர் மாத்திரை, பின்னது நீர் மாத்திரை.) இதைப் படிக்க உங்களுக்குப் பத்து நொடி ஆகும். இதே விஷயத்தை நீங்களே கேட்டுத் தெரிந்துகொள்ளப் பத்து நிமிடம் ஆகும். அந்தப் பத்து நிமிடம் உங்களிடம் இல்லை என்பதால்தான் ஒரு மாத்திரையின் பக்கவிளைவுக்கு இன்னொரு மாத்திரை என்று பை வீங்குகிறது.

சொல்லிக் கொடுக்கும் பொறுப்பை உங்கள் தலையில் கட்டக்கூடாது. அது கல்லூரி அனுப்பும் மருந்தாளுநர் ஆசிரியரின் வேலை. கல்லூரி ஆசிரியரை அனுப்ப மாட்டேன் என்றால் மாணவரையும் சேர்த்துக்கொள்ளாதீர்கள்.

9 ஜூன்

மேலே உள்ளதைப் படித்துவிட்டு ஒருவர் 'கேள்வி கேட்பது செவிலியர் வேலைதானே' என்கிறார். யார் கேட்டாலும் நல்லது. ஆனால் கேட்கிறவருக்கு மருந்து தெரிந்திருக்க வேண்டும். ஓர் உதாரணம்.

நம் ஊரில் குப்பியில் வரும் இன்சுலின் பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட். அதற்கான சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி. பேனாவில் போடும் குப்பி மில்லிக்கு 100 யூனிட். 100 அளவுச் சிரிஞ்சுக்கு ஆரஞ்சு மூடி. இரண்டு சிரிஞ்சும் கடையில் ஒரே பெட்டியில் கிடக்கும்.

20 யூனிட் போட வேண்டியவர், 40 யூனிட் இன்சுலினை ஆரஞ்சு மூடிச் சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 8 யூனிட். சர்க்கரை ஏறும், டாக்டர் அளவைக் கூட்டுவார், ஒரு நாள் கடைக்காரர் சரியான சிரிஞ்சைக் கொடுப்பார், அன்று விபத்து. மாறாக, பேனா உடைந்துவிட்டது என்று 100 யூனிட் இன்சுலினைச் சிவப்பு மூடிச் சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் போவது 50 யூனிட். இரவில் போட்டிருந்தால் காலையில் எழுந்திருக்காமலே போகலாம்.

இந்தக் கணக்கு எல்லா பார்ம்.டி மாணவருக்கும் தெரியும். தேர்வில் போட்டிருப்பார்கள். எங்கள் கிளினிக்கில் ஒரு மாணவன், ஒரு பெரியவர் சட்டைப்பையிலிருந்து எடுத்த சிரிஞ்சின் மூடி நிறத்தைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டான். ஆரஞ்சு. பெரியவர் வைத்திருந்தது 40 யூனிட் குப்பி. வார்டில் இன்சுலினைச் செவிலியர் போட்டுவிடுவார். நோயாளி தன் கையால் எப்படிப் போடுகிறார் என்பது வார்டில் தெரியவே வராது.

9 ஜூன், பிற்பகல்

மூச்சிரைப்புக்கு உறிஞ்ச வேண்டிய ரோட்டாஹேலர் காப்ஸ்யூலைத் தண்ணீரோடு விழுங்குபவர்களையும் இதில் சேர்த்துக்கொள்ளுங்கள். சீட்டில் '1-0-1' என்று இருக்கும். அவரும் காலை ஒன்று, இரவு ஒன்று தவறாமல் விழுங்குவார்.

12 ஜூன்

பேச்சு மருந்துக்கடைப் பக்கம் போய்விட்டது. போகட்டும், தொடர்புடையதுதான்.

கடைக்காரர்கள் அட்டையை வெட்டிக் கொடுப்பதைத் திட்டி நான்கு பேர் எழுதியிருக்கிறீர்கள். அவர்கள் பக்கம் ஒன்று சொல்ல வேண்டும். பத்து மாத்திரை வாங்கக் காசில்லாமல் 'நான்கு கொடுங்கள்' என்று கேட்பவருக்கு வெட்டாமல் எப்படிக் கொடுப்பது? வெட்டிய துண்டை ஒரு சிறு காகித உறையில் போட்டு, பெயரும் அளவும் எழுதிக் கொடுக்கலாம். நான் பழகிய ஒரு கடையில் அப்படித்தான் கொடுக்கிறார்கள். நம் மாணவர் ஒருவர் கேட்டுக்கொண்டதன் பேரில் தொடங்கிய பழக்கம் அது.

மருந்து வந்து சேரும் வழிகளும் கூடியிருக்கின்றன. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டு வருகிறது. மக்கள் மருந்தகம் இருக்கிறது. 2025 பிப்ரவரியில் ஆயிரம் முதல்வர் மருந்தகங்கள் திறந்தார்கள். மூன்றையும் மனமார வரவேற்கிறேன். மருந்து வாங்கக் காசில்லாமல் பாதி மாத்திரை போட்டவர்களைப் பார்த்தவன் நான். ஆனால் வழி கூடக் கூட ஒரே மருந்து வெவ்வேறு பெயரில், வெவ்வேறு நிறத்தில் வீட்டில் சேரும். இலவச அம்லோடிபின் ஒரு டப்பாவில், கடையில் வாங்கிய அம்லோடிபின் இன்னொரு டப்பாவில். விலை குறைந்த மருந்துக்கு மாறும்போது பழையதை நிறுத்த வேண்டும் என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும்.

14 ஜூன்

'மாணவர்கள் டாக்டரின் தவறைப் பிடிக்கத்தான் வருகிறார்கள்' என்று ஒருவர் கோபமாக எழுதியிருக்கிறார். அவருக்கு அப்படி ஓர் அனுபவம் நேர்ந்திருக்கலாம். எங்களிடமும் ஒரு மாணவன் நோயாளி முன்னாலேயே 'டெல்மிசார்டன் போடும்போது டைக்ளோஃபெனாக் கூடாது, சிறுநீரகம் கெடும்' என்றான். எச்சரிக்கை தேவையானதுதான், அதிலும் அந்தப் பெரியவர் நீர் மாத்திரையும் போடுபவர். ஆனால் அவர் பயந்துபோய் வலி மாத்திரையோடு பிரஷர் மாத்திரையையும் சேர்த்து நிறுத்திவிட்டார். அடுத்த வாரம் 180க்கு மேல் ரத்த அழுத்தத்தோடு வந்தார்.

அன்றிலிருந்து முதல் நாளே சொல்லிவிடுவேன். மருந்தை நிறுத்தும் சொல் மாணவர் வாயிலிருந்து வரக்கூடாது. டாக்டரிடம் துண்டுத்தாள் போகும், டாக்டர் முடிவு செய்வார், அதன் பிறகு அந்த முடிவை நோயாளிக்குப் புரியும்படி மாணவர் சொல்வார். இதில் அடிமைத்தனம் எதுவும் இல்லை. மூன்று பேர் மூன்று விதமாகச் சொன்னால் நோயாளி யாரையும் நம்ப மாட்டார்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒரு கல்லூரி மாணவர்களை முன்னறிவிப்பே இல்லாமல் அனுப்பி, லாக்புக்கில் டாக்டரின் கையெழுத்து மட்டும் வாங்கி வரச் சொன்னது. ஆசிரியர் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. பிள்ளைகள் வெள்ளைக் கோட்டோடு வாசலில் நின்றார்கள். பதினெட்டு வயதில் சேர்ந்து ஆறு ஆண்டு லட்சக் கணக்கில் கட்டணம் கட்டும் பிள்ளைகள் அவர்கள். நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

17 ஜூன்

வார்டை மட்டம் தட்டுகிறேன் என்று எழுதுகிறீர்கள். இல்லை. சிறுநீரகம் செயலிழந்தவருக்கு வான்கோமைசின் அளவைக் கணக்கிடுவதையும், கால்சியம் உள்ள திரவத்தோடு செஃப்ட்ரியாக்ஸோனைக் கலக்கக்கூடாது என்பதையும் கிளினிக்கில் கற்க முடியாது. வார்டு வேண்டும். பன்னிரண்டு மாதமும் வார்டே போதும் என்பதைத்தான் மறுக்கிறேன்.

இத்தனை நாளும் பார்ம்.டி பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். நேற்று ஒரு டி.பார்ம் (மருந்தாளுநர் டிப்ளமோ) மாணவர் 'எங்களுக்கு இதெல்லாம் கிடையாதா சார்?' என்று கேட்டிருந்தார். அந்தக் கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்து கொடுப்பவர் டி.பார்ம் படித்தவர். தெருமுனை மருந்துக்கடையில் நிற்பவரும் பெரும்பாலும் அவர்தான். அந்தப் பாட்டியின் மகன் பழைய சீட்டை நீட்டிய கடையில் இருந்தவரும் அவராகத்தான் இருப்பார். அவருக்கு 500 மணி நேரச் செய்முறைப் பயிற்சி உண்டு. அதில் பாதி சீட்டுக்கு மருந்து கொடுப்பதிலேயே போக வேண்டும். மீதி நேரத்தில் ஒரு சிறு பங்கையாவது குடும்ப மருத்துவரின் காத்திருப்பு அறையில் செலவழிக்கச் செய்தால், பார்ம்.டி மாணவரை அனுப்புவதைவிடப் பலன் கூடுதலாக இருக்கும் என்றுகூட இப்போது தோன்றுகிறது. அடுத்த ஆண்டு எங்கள் கிளினிக்கில் இரண்டு டி.பார்ம் மாணவர்களுக்கு இடம் கேட்கப் போகிறேன்.

21 ஜூன்

பெண் பிள்ளைகளைக் கிளினிக்குக்கு அனுப்பத் தயங்கும் பெற்றோர் பற்றி ஒரு கேள்வி வந்தது. பாதுகாப்பு, போக்குவரத்து பற்றிய கவலை நியாயம். ஆசிரியர் உடன் இருக்க வேண்டும், மாலை இருட்டுவதற்குள் முடிய வேண்டும். இந்த இரண்டையும் கல்லூரி எழுதித் தர வேண்டும்.

ஆனால் பெண் நோயாளிகள் ஆண் டாக்டரிடம் சொல்லாததைக் கல்லூரிப் பெண்ணிடம் சொல்கிறார்கள். திருமணம் நிச்சயமாகியிருந்த ஒரு பெண் தலைவலிக்கு வந்தாள். கைப்பையில் இன்னொரு சிறு பர்ஸ். அதற்குள் சோடியம் வால்ப்ரோயேட். சிறு வயதிலிருந்து வலிப்பு. மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியாது. அம்மா மருந்தை ஒளித்து வைக்கச் சொல்லியிருக்கிறார். கல்யாணத்தன்று முதல் நிறுத்திவிடலாம் என்று முடிவு செய்திருந்தார்கள்.

இரண்டு பக்கமும் பள்ளம். திடீரென்று நிறுத்தினால் வலிப்பு விடாமல் தொடர்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம். நிறுத்தாமல் கருவுற்றால், வால்ப்ரோயேட் எடுக்கும் தாய்க்குப் பிறக்கும் குழந்தைகளில் ஏறக்குறைய பத்தில் ஒன்றுக்குப் பிறவிக் குறை, பத்தில் மூன்று நான்கு குழந்தைகளுக்கு மூளை வளர்ச்சிக் குறைபாடு. கருவுறும் வயதுப் பெண்களுக்கு இதை எழுதக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் அறிவுறுத்தியது.

மாணவி அந்தப் பெண்ணிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்: "அக்கா, இன்றைக்கு இதை நிறுத்த வேண்டாம். டாக்டரிடம் நானே சொல்கிறேன், நீங்கள் பக்கத்தில் இருங்கள்." டாக்டர் கதவைச் சாத்திவிட்டுப் பேசினார். நரம்பியல் மருத்துவரிடம் அனுப்பி, கல்யாணத்துக்கு முன்பே படிப்படியாக வேறு மருந்துக்கு மாற்றத் தொடங்கினார்கள். வீட்டாரிடம் சொல்வதா வேண்டாமா என்பது அவளுடைய முடிவு; நாங்கள் அதில் தலையிடவில்லை.

இதை மாணவி எந்தப் படிவத்திலும் எழுதவில்லை. எழுதக்கூடாது என்று நான்தான் சொன்னேன். நான்கு தெரு உள்ள ஊரில் பெயரை மறைத்தாலும் ஆள் தெரிந்துவிடும்.

24 ஜூன்

கேள்வி கேட்ட மாணவி திரும்ப எழுதியிருக்கிறார். பெயரை மாற்றவில்லை, திங்கட்கிழமை தொடங்குகிறதாம், என்ன கொண்டு போக வேண்டும் என்கிறார். நல்லது, அம்மா.

ஒரு சிறு நோட்டு. உள்ளங்கை அளவில் வெட்டிய வெள்ளைத்தாள்கள். எழுத்து தேய்ந்த அட்டைகளைப் படிக்க ஒரு பூதக்கண்ணாடி. ஒரு சிவப்பு மூடி, ஒரு ஆரஞ்சு மூடிச் சிரிஞ்சு, ஊசி நீக்கியது. பக்கவிளைவு தெரிவிக்கும் படிவம் சில. இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டம் 2010 முதல் நடக்கிறது, எனலாப்ரில் என்ற பிரஷர் மாத்திரையால் வரும் இருமலுக்கு மாதக்கணக்கில் இருமல் சிரப் குடிப்பவரைக் கண்டால் டாக்டரிடம் சொன்ன பிறகு நிரப்புங்கள். வெள்ளைக் கோட்டைக் கழற்றிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள், அதைப் பார்த்தால் பேச்சு குறையும்.

முதல் இரண்டு நாள் எந்தத் தவறையும் தேடாதீர்கள். பையைத் திறக்கச் சொல்லும் முன் அனுமதி கேளுங்கள். தைராய்டு மாத்திரையைக் காபியோடு போடுபவர் முதல் நாளே நான்கு பேர் வருவார்கள், திட்டாதீர்கள். காலையில் வெறும் தண்ணீரோடு போட்டுவிட்டுக் காபியை எப்போது குடிக்க முடியும் என்று அவரிடமே கேளுங்கள்.

இரண்டு வாரம் முடிந்ததும் ஆசிரியரிடம் ஒரு கோரிக்கை வையுங்கள். அடுத்த மாதமும் அதற்கடுத்த மாதமும் ஒரு சனிக்கிழமை அதே கிளினிக்குக்குப் போக அனுமதி வேண்டும் என்று. மறுத்தால் இங்கே எழுதுங்கள், கடிதத்தின் வாசகத்தை நான் எழுதித் தருகிறேன்.